தவளையும் திருக்கையும்



எண்ணூருக்கு வடக்கே இருக்கிறது காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் வங்கக் கடல். மறுபக்கம் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயும். இங்குள்ள மீனவர்களுக்குத் திருக்கை நன்கு பழக்கமான மீன். மழைக்காலத்தில் குட்டைகளில் கத்தும் தவளையை நம் எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போமா?

திருக்கை முறம்போலத் தட்டையானது. உடம்பில் ஓர் எலும்புகூடக் கிடையாது. உங்கள் காது மடலைத் தொட்டுப் பாருங்கள், அதைப்போன்ற குருத்தெலும்புதான் அதற்கு. கண்கள் முதுகுப் பக்கம், வாய் வயிற்றுப் பக்கம். தான் தின்பதை அதனால் பார்க்கவே முடியாது! பிறகு எப்படி இரை தேடுகிறது? மணலில் புதைந்திருக்கும் இறால், நண்டுகளின் உடம்பில் எழும் மிக நுண்ணிய மின்சாரத்தை, அதன் வாயைச் சுற்றியுள்ள துளைகள் கண்டுபிடித்துவிடும்.

தவளைக்கும் கண்கள் தலைக்கு மேலேதான். இரையை விழுங்கும்போது கண்களை உள்ளே இழுத்து, அவற்றாலேயே இரையைத் தொண்டைக்குள் தள்ளும். (நீங்கள் முயன்று பார்க்க வேண்டாம்!) தோலாலும் அது மூச்சு விடும். அதனால் தண்ணீரில் நஞ்சு கலந்தால் அதுவும் தோல் வழியே உள்ளே போய்விடும்.

பெரிய வித்தியாசம் பிள்ளை பெறுவதில்தான். வயல்களில் வாழும் காளைத் தவளை, மழை கொட்டியதும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வாலில் முள் உள்ள திருக்கையோ, வயிற்றுக்குள்ளேயே பால் போன்ற திரவம் ஊட்டி வளர்த்து, சில குட்டிகளை மட்டுமே ஈனும்.

ஒரு காலத்தில் தவளைக் கால்கள் நம் நாட்டிலிருந்து டன் டன்னாக ஏற்றுமதியாயின. பூச்சி தின்னும் தவளைகள் குறைகின்றன என்ற கவலையால் 1987இல் அரசு அதைத் தடை செய்தது. பிடிப்பதை நிறுத்தினால் தவளைக் கூட்டம் சீக்கிரம் பெருகும், குட்டை இருந்தால். குட்டையையே மண் கொட்டி மூடிவிட்டால்? திருக்கைக்கு நிலைமை இன்னும் கஷ்டம். குறைந்தால் மீண்டும் பெருகப் பல ஆண்டுகள் ஆகும்.

பல வகைத் திருக்கைக் குட்டிகள் வளர்வது ஆழமில்லாத கழிமுகங்களில். எண்ணூர்க் கழிமுகத்திலோ அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து பரவியது. துறைமுகமும் மின்சாரமும் நமக்கு வேண்டியவைதான். ஆனால் அந்தச் சேற்று நீரை 'சும்மா கிடக்கும் இடம்' என்று யாரும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்த மழைக்குப் பிறகு, உங்கள் தெருவில் தவளைச் சத்தம் எந்தக் குட்டையிலிருந்து வருகிறது என்று கவனித்து எங்களுக்கு எழுதுங்கள். சத்தமே கேட்கவில்லை என்றாலும் எழுதுங்கள்.