ஜன்னலுக்கு அளவு எடுக்கும்போது

எங்கள் கே.கே. நகர் வீட்டில் மருமகளுக்கு இரவு ஷிஃப்ட். காலை எட்டுக்குத்தான் படுக்கை. கிழக்கு ஜன்னல் வெயிலோ முகத்திலேயே அடிக்கும். பிளாக்அவுட் பிளைண்ட்ஸ் அவசியம்தான். ஆனால் கடைப் பையன் ஒரே இடத்தில் டேப்பை நீட்டி அளவு குறிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

நம் வீட்டுப் பூச்சு எங்கே நேராக இருக்கிறது? மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அகலம் பாருங்கள். நிலைக்குள் மாட்டுவதானால் மூன்றில் சிறியதுதான் கணக்கு. அப்போதும் ரோலர் துணி பிராக்கெட்டைவிடக் குறுகல். இரு ஓரமும் வெளிச்சம் கோடு போடும். சுவர்மேல் மாட்டி, பக்கத்துக்கு நான்கு அங்குலம் கூடுதலாக விடுங்கள் என்பது என் கட்சி. சதுர அடிக் கணக்கில் காசு கூடும்தான். பகலில் தூங்குகிறவரை எழுப்ப அந்த ஒரு கோடு போதுமே!

1939-இல் பிரிட்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து ஜன்னல்களை மறைத்தார்கள். அவர்களுக்கு வெளிச்சம் வெளியே போகக்கூடாது, நமக்கு உள்ளே வரக்கூடாது. இரண்டிலும் வில்லன் ஓரம்தான்.

சூட்டுக்கும் இதுவே மருந்து என்று விற்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. கண்ணாடி தாண்டி வந்துவிட்ட வெயிலைத் துணி எவ்வளவு தடுக்கும்? மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டி கட்டுங்கள்.