ஆறு பேர்ச் யாருடைய அளவு?

மாத்தளை மாவட்டத்தில் காணி இழந்து நிற்கும் குடும்பங்களிடம் நாம் செல்லும்போதெல்லாம் ஒரே கேள்வி எம்மை எதிர்கொள்கிறது. "காணி எப்ப சாமி கெடைக்கும்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதைத் தொடர்ந்து வரவேண்டிய இரண்டு கேள்விகளை மிகச் சிலரே கேட்கின்றனர். எவ்வளவு காணி? எந்தப் பாதையைப் பார்த்த காணி? இவற்றுக்கான விடை பெரும்பாலும் நாம் இல்லாத ஒரு கூட்டத்தில் முடிவாகிவிடுகிறது. அதுபற்றி எம் மக்களோடு மனந்திறந்து பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடியேற்றத்துக்கெனக் குறிக்கப்பட்ட ஒரு நிலத்தைப் பார்க்கச் சில குடும்பங்களோடு சென்றிருந்தோம். நான்கு முளைகளுக்கு நடுவே நின்ற ஒரு தாய் கையால் காட்டிக்காட்டிச் சொன்னார்: "வீடு இங்க. குசினி அங்க. கக்கூசு அந்த மூலையில. அப்ப மாட்ட எங்க சாமி கட்டுறது?" உடன் வந்த எவரிடமும் விடை இருக்கவில்லை. எம்மிடமும் இருக்கவில்லை.

இம்மாவட்டத்தில் இடம்பெயர்வு புதிய கதையன்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அங்கு உழைத்த தமிழ்க் குடும்பங்கள் பல லயத்தையும் வேலையையும் இழந்து வன்னிப் பக்கம் சென்றன. மொறகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காக நாவுல, லக்கலைப் பகுதிகளில் வீடும் வயலும் நீருக்கடியில் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலைச்சரிவுகளில் வாழ்ந்தோரை ஒரே இரவில் வீதிக்குக் கொண்டுவந்தன. காரணங்கள் வேறு. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிய நிலம் அளக்கப்படும்போது பயிர்செய்து வாழ்ந்தவர்களின் தேவை அளவுகோலில் இடம்பெறவில்லை.

அளவு எங்கிருந்து வந்தது?

நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், வீடு கட்டும் காணித்துண்டு ஒன்று குறைந்தது 150 சதுர மீற்றர் பரப்பும் 6 மீற்றர் அகலமும் கொண்டிருக்கவேண்டும் என்றன. எமது பேச்சில் சொன்னால் ஏறக்குறைய 6 பேர்ச். முகப்பு 20 அடி. 2021 இல் புதிய ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. ஆயினும் காணி விற்பவர் முதல் அலுவலர் வரை "6 பேர்ச்" என்பது எல்லோர் வாயிலும் பழகிப்போன சொல்லாகிவிட்டது.

இவ்விதி கெட்ட விதியன்று. நகரத்தில் காற்றும் வெளிச்சமும் இல்லாத துண்டுகளாகக் காணி வெட்டி ஏழைகளிடம் விற்கப்படுவதைத் தடுக்கவே அது வந்தது. இதற்குக் குறைந்தால் மனிதர் வாழ முடியாது என்பதே அதன் பொருள். இதற்கு மேல் தரவேண்டியதில்லை என்று அது எங்கும் சொல்லவில்லை. கீழெல்லையாக வைத்த கோட்டை மேலெல்லையாக வாசிப்பதில்தான் அநீதி தொடங்குகிறது.

தோட்டப்புறத்தில் இதைக் கண்கூடாகக் கண்டோம். 2015 இன் பின் வந்த தனிவீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் என்றார்கள். பின்னர் 10 பேர்ச் என்றார்கள். ஒற்றை அறை லயத்தில் தலைமுறைகளைக் கழித்தவர்களுக்கு 7 பேர்ச்சும் பெரிய விடுதலைதான். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மகாவலித் திட்டத்தில் குடியேறிய விவசாயக் குடும்பத்துக்கு வழங்கப்பட்ட அளவு என்ன? இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுத்தோட்டமும். அரை ஏக்கர் என்பது 80 பேர்ச். ஒரே நாட்டில், ஒரே அரசின் கீழ், விவசாயி என்று ஏற்றுக்கொண்டவருக்கு வீட்டைச் சுற்றி மட்டும் 80 பேர்ச். அவ்வாறு ஏற்றுக்கொள்ளாதவருக்கு 7 பேர்ச். எனவே உங்களை எந்தப் பெயரில் பதிகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். "வீடிழந்தவர்" என்று மட்டும் பதிந்தால் வீடு வைக்க இடம் கிடைக்கும். "விவசாயக் குடும்பம்" என்று பதியச் செய்தால்தான் வாழ்வதற்கு நிலம் கேட்க வழி பிறக்கும்.

மாத்தளையின் வீட்டுத்தோட்டம் அழகுக்கு வைத்ததல்ல. மிளகுக் கொடி, கராம்பு, சாதிக்காய், கோப்பி, பலா, வாழை, நான்கு கோழி, ஒரு பசு ஆகியவைதாம் பிள்ளையின் கொப்பிக்கும் வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கைகொடுப்பவை. 6 பேர்ச்சில் ஒரு பலா நின்றால் வீட்டுக்கு இடமில்லை.

முகப்பும் ஆழமும்

அலுவலர்களின் பக்க நியாயத்தையும் நாம் கேட்கவேண்டும். பத்து ஏக்கர் நிலத்தில் கால்வாசி பாதைக்கும் பொதுத் தேவைக்கும் போனால் 1,200 பேர்ச் எஞ்சும். 6 பேர்ச் வீதம் வெட்டினால் 200 குடும்பம்; 20 பேர்ச் வீதம் வெட்டினால் 60 குடும்பமே. எஞ்சிய 140 குடும்பம் எங்கே போகும் என்று அவர்கள் கேட்டால், அக்கேள்வியைத் தட்டிவிட முடியாது. பாதை, நீர்க்குழாய், மின்கம்பம் யாவும் நீளத்துக்கேற்பச் செலவாகும் என்பதும் உண்மையே.

ஆனால் இங்கே ஒரு வழி இருக்கிறது. 20 பேர்ச் காணியை 60 அடி முகப்பும் 90 அடி ஆழமுமாக வெட்டலாம். 40 அடி முகப்பும் 136 அடி ஆழமுமாகவும் வெட்டலாம். பாதையின் இருபுறமும் 60 குடும்பம் இருந்தால், முதலாவது முறைக்கு 1,800 அடிப் பாதை வேண்டும். இரண்டாவது முறைக்கு 1,200 அடி போதும். மிச்சமாவது 600 அடிப் பாதையும் அதற்கான குழாயும் கம்பியும். ஆகவே முகப்பில் நாம் விட்டுக்கொடுக்கலாம். ஆழத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நில அளவையாளரோடு பேசும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மலைச்சரிவில் மட்டும் இதை அப்படியே செய்யக்கூடாது. நீண்ட துண்டு சரிவின் போக்கில் மேலிருந்து கீழாக இறங்கினால், மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டுச் சுவரில் வந்து நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் வாகனம் வரும் முகப்பு வேண்டுமென்று சரிவை வெட்டினால், வெட்டிய மண் அடுத்த பெருமழையில் எம் தலையிலேயே விழும். மாத்தளை உள்ளிட்ட மண்சரிவு அபாய மாவட்டங்களில் வீடு கட்ட முன்னர் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை பெறவேண்டும் என்ற விதி இதற்காகத்தான். சில இடங்களில் வீட்டு வாசல்வரை நடைபாதையும், கீழே ஒரு பொது வாகனப் பாதையும் இருப்பதே பாதுகாப்பானது.

பெருவீதியோரக் காணி கிடைத்தால் கடை போடலாம் என்று மகிழ்கிறோம். ஏ-9 வீதியோரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் வீதியின் நடுவிலிருந்து குறித்த தூரத்துக்குள் கட்டிடம் எழுப்ப முடியாது. ஆழமில்லாத துண்டாயின் அந்த எல்லைக்கோடே காணியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். முன்வரிசைக்கு வீதியும் பின்வரிசைக்கு ஒற்றையடிப் பாதையும் என்று பிரித்தால், பின்வரிசைக்காரர் நாளை முன்வரிசைக்காரரின் தயவில் வாழவேண்டி வரும். பின்வரிசை யாருக்கு என்பதைக் குலுக்கல் சீட்டு முடிவு செய்யட்டும். செல்வாக்கு முடிவு செய்யக்கூடாது.

பிள்ளைகளின் காலம்

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935 இல் வந்தது. அதன் கீழ் கிடைக்கும் அளிப்புப் பத்திரத்தில், இன்ன அளவுக்குக் கீழ் காணியைப் பிரிக்க முடியாது என்று எழுதப்பட்டிருக்கும். பயிர்நிலம் துண்டு துண்டாகச் சிதறக்கூடாது என்பதே அதன் எண்ணம். 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வாரிசுரிமையில் ஆணுக்கு இருந்த முன்னுரிமையை நீக்கியது. இது எம் பெண்பிள்ளைகளுக்கு நல்ல செய்தி. ஆயினும் பிரிக்க முடியாத காணியில் ஒரு பிள்ளைக்குத்தான் இடமுண்டு. இன்று அடிக்கப்படும் முளை, உங்கள் மூன்று பிள்ளைகளில் இருவர் எங்கே போவார்கள் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது.

மக்கள் அமர்ந்து பேசினால் அளவு மாறும் என்பதற்குச் சான்று உண்டு. 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில், கொழும்பு நவகம்புரவில் ஏறக்குறைய 2 பேர்ச் துண்டுகளுக்கு இடமளிக்கப்பட்டது. அத்திட்டத்தில் குடியிருப்பாளரும் அலுவலரும் ஒன்றாக இருந்து பாதையையும் துண்டுகளையும் வகுக்கும் முறை வளர்ந்தது. நகரத்து ஏழைக்கு வேலைக்கு அண்மையில் இருப்பதே முக்கியம் என்பதால் விதி கீழே இறங்கியது. நிலத்தை நம்பி வாழ்பவனுக்காக அதே விதி மேலே ஏறக்கூடாதா?

செய்யவேண்டியவை

எமது கோரிக்கை இது: பயிர்செய்து வாழ்ந்த குடும்பத்துக்குக் குறைந்தது 20 பேர்ச் வீட்டுத்தோட்டம். நிலம் போதாத இடத்தில் 10 பேர்ச் வீட்டுக்காணியும், நடந்துபோகும் தூரத்தில் தனியான பயிர்நிலமும்.

அதுவரை ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியவை உள்ளன. கையொப்பமிட முன்னர் நில அளவை வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் துண்டின் பரப்பு, முகப்பு, பாதையின் அகலம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதை பிரதேச சபைக்கு ஒப்படைக்கப்படுமா என்று எழுத்தில் கேளுங்கள்; ஒப்படைக்காத பாதையைத் திருத்த எவரும் வரமாட்டார்கள். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடியாவது இருக்கவேண்டும். 20 அடி அகலத் துண்டில் அயலவரின் குழி எங்கே வருகிறது என்றும் பாருங்கள். பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் வரவேண்டும் என்று கேளுங்கள். வரைபடத்தைத் தர மறுத்தால், 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தமிழிலேயே எழுதலாம், தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தனியாகப் போகாதீர்கள். பத்துக் குடும்பமாகப் போங்கள். சிங்கள, முஸ்லிம் அயலவரும் இதே முளைகளுக்கு நடுவில்தான் நிற்கிறார்கள். அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

திருவிவிலியத்தின் எண்ணிக்கை நூலில், வீடற்று அலைந்த ஒரு மக்களுக்கு நாடு பங்கிடப்படும்போது முதலில் குடும்பங்கள் எண்ணப்படுகின்றன. அதன் பிறகே நிலம் அளக்கப்படுகிறது. ஆட்கள் கூடிய குலத்துக்குக் கூடிய நிலம், குறைந்த குலத்துக்குக் குறைந்த நிலம் என்பதே கட்டளை. எம்மிடம் இன்று கேட்கப்படுவது இதற்கு மறுதலை: நிலத்தை அளந்துவிட்டோம், உங்கள் குடும்பத்தை அதற்குள் அடக்குங்கள் என்கிறார்கள்.

முளை மரத்தாலானது. அதன் இடத்தில் எல்லைக்கல் நட்டு, வரைபடத்தில் ஒப்பம் விழுந்த பின் அசைப்பது கடினம். அந்தத் தாயின் கேள்வியை அதற்கு முன்னரே கேட்டுவிடுங்கள்: மாட்டை எங்கே கட்டுவது?