உள்ளதை உள்ளபடி படியெடுப்போம்

பழைய ஓலைச்சுவடி ஒன்று கரையானுக்கு இரையாகிறது என்று கேட்டால் நாம் பதறுகிறோம். பழைய காந்த நாடா ஒன்று பரணில் கிடக்கிறது என்றால் கபாடிக்காரரைக் கூப்பிடுகிறோம். இரண்டும் எழுத்தைத் தாங்கும் பொருள்கள்தாமே? ஓலை தன் எழுத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது, நாடா காட்டுவதில்லை. அந்த ஒரு குறைக்காகவே அதற்கு இந்தத் தண்டனை!

தில்லியில் யமுனைக்குக் கிழக்கே, மயூர் விஹாரில் வாழ்கிறவன் நான். அரசுப் பணிக்காக வடக்கே வந்து, ஓய்வு பெற்ற பின்னும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் எங்கள் அடுக்கு வீடுகளில் பல உண்டு. அவர்களில் ஒருவர் எண்பதைக் கடந்த பெரியவர், புள்ளியியல் பயின்றவர். 1970களில் தம் ஆராய்ச்சிப் பட்டத்துக்காகத் தஞ்சை வட்டாரத்து உழவர் குடும்பங்களிடம் திரட்டிய கணக்கை ஒரு நாடாச் சுருளில் வைத்திருக்கிறார். ஆய்வேட்டில் ஏறியவை சுருக்க அட்டவணைகள் மட்டுமே. வீடு வீடாகச் சென்று கேட்ட விடைகள் அந்தச் சுருளைத் தவிர வேறெங்கும் இல்லை. “இதை இனி எந்த மிஷினில் போட்டுப் பார்க்கப் போகிறீர்கள், அப்பா?” என்று மகன் கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

அக்காலத்துச் சுருளின் அளவைச் சொல்கிறேன்: அரை அங்குல அகலம், 2400 அடி நீளம். அகலவாட்டில் ஒன்பது தடங்கள். எட்டில் செய்தி, ஒன்பதாவதில் பிழை காணும் சரிபார்ப்பு. அங்குலத்துக்கு 1600 எழுத்து என்ற அடர்த்தியில் எழுதினாலும் முழுச் சுருளில் அடங்குவது ஏறக்குறைய நான்கு கோடி எழுத்துகள்தாம். நம் கைப்பேசியின் ஒரு மூலைக்குக் காணாது! ஆகவே இடம் ஒரு தடையன்று. படிக்கும் பொறி அருகிவிட்டது, நாடாவும் மூப்படைந்துவிட்டது. அந்நாளில் செய்த நாடாக்கள் பலவற்றில் காந்தத் தூளைப் பிடித்து நிறுத்தும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கிறது. அப்படியே ஓட்டினால் தூள் உரிந்து பொறியின் தலையில் படியும். ஐம்பது டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்று மேலான சீரான சூட்டில் மணிக்கணக்காக வைத்து உலர்த்தினால் சில காலம் ஓடும். (மொட்டைமாடியின் ஜூன் வெயிலே போதுமே என்று எவரும் கிளம்பிவிட வேண்டாம்.) எனவே முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடலாம்.

அந்த ஓர் ஓட்டத்தில் எதை எடுப்பது? இங்கேதான் நண்பர் சிலரோடு மாறுபடுகிறேன். “வேண்டியதை மட்டும் எடுத்து இன்றைய முறைக்கு மாற்றிக்கொண்டால் போதும்” என்கிறார்கள் அவர்கள். போதாது என்கிறேன் நான். ஐ.பி.எம். பெரும்பொறிகள் எப்சிடிக் என்னும் குறிமுறையில் எழுதின; இன்றைய கணிப்பொறிகள் ஆஸ்கி வழி வந்தவை. சொல்லுக்குச் சொல் விடும் வெற்றிடத்துக்கு முன்னதில் உரிய குறி, பதினாறடி எண்முறையில், 40; பின்னதில் 20. இடத்தை மிச்சம்பிடிக்க ஒரு பைட்டுக்குள் இரண்டு இலக்கங்களை நெருக்கி அடைப்பது அக்கால வழக்கம். 4, 0 என்று அடைத்த பைட்டைக் கண்டால், மாற்றும் நிரல் அதை வெற்றிடமென்று கருதி 2, 0 ஆக்கிவிடும். நாற்பது மூட்டை நெல் கண்ட களம் இருபது மூட்டைக் களமாகும்! பிழையென்று எந்த மணியும் அடிக்காது. மூலப்படி கையில் இல்லாதவன் அதை என்றைக்கும் கண்டுபிடிக்கவும் முடியாது.

கல்வெட்டு அறிஞர்கள் இதை எப்போதோ தெளிந்துவிட்டார்கள். நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி மைப்படி எடுக்கிறார்கள். சிதைந்த எழுத்தும் உளி வழுக்கிய கீறலும் அதில் அப்படியே விழும். வாசிப்பது பிறகு. வாசிப்பு தவறினால் அடுத்த தலைமுறை மைப்படியை வைத்துத் திருத்திக்கொள்ளும். நாடாவுக்கும் அதுவே வழி என்பது என் துணிபு. பொறியின் தலை உணரும் காந்த மாற்றங்களையே, பழுதான பகுதி உட்பட, முழுதும் பதிந்து வைப்போம். எழுத்தாக்குவதை ஆற அமரப் பார்க்கலாம்.

1966, 1967 ஆண்டுகளில் லூனார் ஆர்பிட்டர் கலங்கள் அனுப்பிய நிலவுப் படங்களின் மூலப்பதிவுகள் ஏறத்தாழ 1,500 நாடாக்களில் இருந்தன. அவற்றை அழியாமல் காத்தவர் நான்சி எவன்ஸ் என்னும் அம்மையார். ஓட்டும் ஆம்பெக்ஸ் பொறிகளைத் தம் வீட்டுக் கார் கொட்டகையிலேயே ஆண்டுக்கணக்காக வைத்திருந்தார். 2008இல் ஒரு சிறு குழு, நாசாவின் ஏம்ஸ் வளாகத்தில் மூடிக்கிடந்த மெக்டொனால்டு உணவுக்கடை ஒன்றில் அப்பொறிகளைச் செப்பனிட்டு, நிலவின் விளிம்பில் பூமி தோன்றும் காட்சியை முன்பு எவரும் கண்டிராத தெளிவோடு மீட்டது. அதே நாசாதான் அப்போலோ 11இன் மூலப்பதிவு நாடாக்கள் அழித்து மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கும் என்று 2009இல் அறிவித்தது. செல்வமுள்ள நிறுவனத்துக்கே இந்தக் கதி!

படியெடுத்தால் மட்டும் தீர்ந்ததா? ஐராவதம் மகாதேவன், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையக் கணிப்பொறியின் துணைகொண்டு 1977இல் வெளியிட்ட சிந்து எழுத்துத் தொடரடைவை எண்ணிப் பாருங்கள். 2,906 வாசகங்கள், 417 குறிகள், ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண். எந்த எண் எந்தக் குறி என்னும் பட்டியலும் அந்நூலிலேயே அச்சாகியிருக்கிறது. 2009இல் ராஜேஷ் ராவ் முதலானோர் அதே தொகுப்பை வைத்து ஆராய்ந்து ‘சயன்ஸ்’ இதழில் எழுதினர். மகாதேவனும் அவர்களுள் ஒருவர். குறிப்பட்டியல் இல்லாதிருந்தால் அந்த எண்கள் வெறும் எண்களே. சிந்து எழுத்தையாவது நாம் படிக்க முடியாமல் போனது நம் குற்றமன்று. அரை நூற்றாண்டுக்கு முன் நம்மவர் எழுதியதையும் அந்நிலைக்குத் தள்ளலாமா?

பெரியவரின் குறிப்புத்தாள் வீடு மாற்றியபோது போய்விட்டது. இன்று அவர் நினைவே குறிப்பேடு. ஒரு மாலை, “நிலத்தின் அளவு ஏக்கரில்தானே மாமா?” என்று கேட்டேன். “யார் சொன்னது தம்பி? அங்கே எல்லாரும் மாக்கணக்கில்தான் சொல்வார்கள். அப்படியே எழுதிக்கொண்டேன்” என்றார். ஏறக்குறைய மூன்று மா சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். இதை எந்தப் பொறி சொல்லும்?

அன்பர்களே, பொறி தேடுவது பிறகு ஆகட்டும். நினைவுள்ளவர்களிடம் நோட்டோடு உட்காரும் வேலை இந்த விடுமுறையிலேயே ஆகவேண்டும். எந்தக் கட்டத்தில் என்ன, எந்த அளவை, எந்தப் பொறியில் எழுதியது என்று கேட்டு எழுதுங்கள். தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறிமுறையில் திரிந்த 1990களின் பிளாப்பிகளுக்கும் இதுவே தேவை. எழுத்துருவின் பெயரையாவது குறியுங்கள். யமுனையின் நீர்மட்டம் 2023 ஜூலையில் 208.66 மீட்டரை எட்டியது. ஆகவே தரைத்தளத்து அறையில் எதையும் வைக்க வேண்டாம். படியெடுத்த பின்னும் சுருளை எறியாதீர்கள். அதன்மேல் ஒட்டியுள்ள சீட்டில் பென்சிலால் ஏதேனும் கிறுக்கியிருந்தால் அதையும் ஒரு படம் பிடித்து வையுங்கள்.