பார்மட் செய்யும் முன் பிழைச்செய்தியைப் படியுங்கள்

மதுரை அண்ணா நகரில் எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் பைத்தான் பதிந்துவிட்டு, தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன் தமிழ் பேக்கேஜை நிறுவ முயன்றார். 'பிப்' என்ற கட்டளை தெரியவில்லை என்று பிழைச்செய்தி வந்தது. கடையில் விண்டோஸையே பார்மட் செய்துவிட்டார்கள். புராஜக்ட் பைல்கள் போயின. மறுபடி பைத்தான் பதிந்ததும் அதே பிழை வந்தது!

2014ல் வெளியான 3.4 பதிப்பிலிருந்து பிப், பைத்தானுடனேயே வருகிறது. அது இருக்கும் போல்டர், விண்டோஸ் தேடிப் பார்க்கும் 'பாத்' பட்டியலில் இல்லை; அவ்வளவுதான் கோளாறு. பைத்தான் செட்டப் பைலை மீண்டும் இயக்கி, 'மாடிபை' பிரிவில் நெக்ஸ்ட் கொடுத்து, 'ஆட் பைத்தான் டு என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்' கட்டத்தில் டிக் செய்து இன்ஸ்டால் கொடுக்கவும். பின் கமாண்ட் பிராம்ப்ட்டை மூடித் திறந்திடவும்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? கடைக்குப் போகும் முன் பிழைச்செய்தியை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பைல்களுக்கு ஒரு நகலும் எடுத்து வையுங்கள்.