விளையாட்டுக் காரும் வியாபார நாணயமும்

பதுளைக் கடைகளில் விளையாட்டுக் கார் கேட்டால் சில நூறு ரூபாவுக்கு ஒன்று வாங்கலாம். இத்தாலியின் பொலிகார் தயாரிக்கும் பெராரி 312 பிபி காரும் உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் கார்தான். ஆனால் அதன் விலை நமது பணத்தில் 15 ஆயிரம் ரூபாவுக்கு மேல். ஏன் இந்த வித்தியாசம்? வர்த்தகர்களாகிய நாம் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

இது ஸ்லொட் கார் வகையைச் சேர்ந்தது. தடத்திலுள்ள பள்ளத்தில் காரின் அடியிலுள்ள சிறு தகடு பொருந்தும். இரு பக்கமும் உள்ள உலோகக் கம்பிகளால் மின்சாரம் வரும். கையிலுள்ள கருவியால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இங்கிலாந்தில் ஸ்கெலெக்ஸ்ட்ரிக் 1957 இல் இதைப் பிரபலமாக்கியது. அசல் 312 பிபி 1972 இல் உலகச் சம்பியன் பட்டம் வென்ற பந்தயக் கார். அதை 32 இல் ஒரு பங்காகச் சிறிதாக்கியதே இந்த மாதிரி.

வாங்குபவர் பிளாஸ்டிக்குக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை. எந்த ஆண்டு, எந்தப் பந்தயம், எந்த இலக்கக் கார் என்பது சரியாக இருக்க வேண்டும். டயர், பற்சக்கரம், மோட்டார் பழுதானால் உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும். சேகரிப்பாளர்களிடையே பழைய கார் கைமாறும்போது பெட்டிக்கும் தனி மதிப்பு உண்டு. மீண்டும் வர்ணம் பூசியதை மறைத்து விற்றவரிடம் அடுத்த முறை யாரும் வாங்க மாட்டார்கள். ஆக, விலை போவது நம்பிக்கைதான்.

இது நமக்குப் புதிய பாடமல்ல. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் சம்பவம் நாம் அறிந்ததே. பிறர் சின்னத்தைப் போலியாகப் பதித்த பொருளைத் தெரிந்தே விற்பதும் அந்த ஈரத்தை மறைப்பது போன்றதுதான். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அதைக் குற்றமாகவே பார்க்கிறது. "எல்லோரும் விற்கிறார்களே" என்பது மறுமையில் பதிலாகாது.

இன்னொன்றும் உண்டு. இத்தாலியரிடம் பந்தயக் கார் இருந்தால், ஊவாவில் 1921 இல் கட்டி முடிந்த ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. தெமோதரையின் சுற்றுப் பாதை இருக்கிறது. 1924 இல் பதுளைக்கு வந்த ரயில் இருக்கிறது. எல்லவுக்கு வரும் உல்லாசப் பயணி இவற்றைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார். கையில் எடுத்துச் செல்ல நாம் என்ன கொடுக்கிறோம்? சரியான அளவில், ஆண்டும் இலக்கமும் பொறித்த பாலத்தின் மர மாதிரி ஒன்றைத் தோட்டத்து இளைஞர்களின் கைகளால் செய்விக்கலாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் காற்றடித்து மணமேறும் ஊவாத் தேயிலையை, தோட்டத்தின் பெயரும் பறித்த மாதமும் எழுதிச் சிறு பெட்டியில் விற்கலாம்.

ஒரேயொரு நிபந்தனை: பெட்டியின் மேல் எழுதியதே உள்ளே இருக்க வேண்டும். வேறு மாவட்டத்துத் தேயிலையைக் கலந்துவிட்டு ஊவா என்று எழுதினால், ஒருவர் செய்த தவறுக்கு மாகாணம் முழுவதும் விலை கொடுக்க நேரிடும்.

முதலீடு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. நாணயத்தோடு தொடங்குவோம், பரக்கத்தை அல்லாஹ் தருவான், இன்ஷா அல்லாஹ்.