தட்டிப் பார்க்க வேண்டிய சுவர்கள்

மண்பானை வாங்குபவர் அதை விரலால் சுண்டிப் பார்ப்பார். 'கணீர்' என்று ஒலித்தால் வாங்குவார். ஒலி மங்கினால் திரும்ப வைத்துவிடுவார். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது கண்டுபிடித்துவிடுகிறது. உயரமான கட்டடங்களின் வெளிச்சுவர்களைச் சோதிப்பவர்களும் இந்தப் பழைய பழக்கத்தைக் கைவிடக் கூடாது.

வெளிச்சுவர் ஒரே பொருளால் ஆனதன்று. உள்ளே கான்கிரீட், அதன்மேல் சிமெண்டுக் கலவை, அதற்கும் மேல் சுவர் ஓடு என அது அடுக்கடுக்காக அமைந்தது. வெயிலில் ஒவ்வோர் அடுக்கும் வெவ்வேறு அளவில் விரிகிறது. மழைநீரும் உள்ளே கசிகிறது. காலப்போக்கில் ஓடு கலவையைவிட்டு விலகலாம். அப்போதும் சுவர் பார்ப்பதற்குப் புதிதுபோலவே இருக்கும். 10ஆம் மாடியிலிருந்து ஓர் ஓடு விழுந்தால், கீழே நடப்பவரின் உயிருக்கே ஆபத்து.

சிங்கப்பூரில் 20 ஆண்டுகளைக் கடந்த, 13 மீட்டருக்கு மேல் உயரமான பெரும்பாலான கட்டடங்களின் வெளிச்சுவர்களை 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்ற விதி 2022இல் நடப்புக்கு வந்தது. நல்ல விதிதான். ஆனால், டிரோன் எடுக்கும் தெளிவான படங்களைக் கண்டு சோதனை முடிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. சாதாரணப் படம் மேற்பரப்பை மட்டுமே காட்டும். வெப்பப் படக்கருவி உள்ளிருக்கும் குறையை ஓரளவு காட்டும் என்றாலும், வெயிலும் மேகமும் அதன் முடிவை மாற்றிவிடக்கூடும்.

ஒலியின் இயல்பு வேறு. ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்கிற்குச் செல்லும் ஒலியலையில் ஒரு பகுதி எல்லையிலேயே திரும்பிவிடும். இடையில் காற்றுப் புகுந்திருந்தால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். அதற்கு மெல்லிய இடைவெளியே போதும். விலகிய ஓட்டைத் தட்டினால் அது பறைத்தோல்போல் அதிர்ந்து வெற்றொலி எழுப்புவது இதனால்தான்.

ஆழமான பிளவைக் காதால் மட்டும் அறிய முடியாது. அதற்கென 1980களில் அமெரிக்காவில் மேரி சான்சலோன், நிக்கலஸ் கரினோ ஆகியோர் ஒரு முறையை உருவாக்கினர். சிறிய எஃகுக் குண்டால் கான்கிரீட்டைத் தட்டி, திரும்பும் அலையின் அதிர்வெண்ணை அளப்பதே அம்முறை. அலை வினாடிக்கு 4,000 மீட்டர் வேகத்தில் செல்லும் கான்கிரீட்டில், 200 மில்லிமீட்டர் தடிமனுள்ள குறையற்ற சுவர் ஏறக்குறைய 10,000 ஹெர்ட்ஸ் காட்டும். சரிபாதியில் பிளவு இருந்தால் அது 20,000 ஆகிவிடும். சுவரை உடைக்காமலே பிளவின் ஆழம் தெரிந்துவிடுகிறது!

தட்டிச் சோதிக்க ஆள் கயிற்றில் தொங்க வேண்டும். செலவும் நேரமும் கூடும் என்பர். அதை மறுப்பதற்கில்லை. சுவர் முழுவதையும் தட்டச் சொல்வது நியாயமும் அன்று. ஆனால், டிரோன் படத்தில் ஐயத்தை எழுப்பும் இடங்களையாவது தட்டிப் பார்க்க வேண்டும். நடைபாதை, பேருந்து நிறுத்தம், பள்ளி வாயில் ஆகியவற்றுக்கு மேலுள்ள சுவர்களையோ, படத்தில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், தட்டிப் பார்க்காமல் விடக் கூடாது.