மாற்றுப் பம்பின் மேல் ஒரு நகரம்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சனில், 2022 ஆகஸ்டு இறுதியில், ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஜனங்கள் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமன்றிக் கழிப்பறையில் ஊற்றவும் நீரின்றித் தவித்தபோது, பேர்ல் ஆற்றின் வெள்ளமே அதற்குக் காரணம் என்று பலரும் எண்ணியது இயல்பே. ஆயினும், வெள்ளத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகவே ஓ.பி. கர்டிஸ் சுத்திகரிப்பு நிலையத்தின் பிரதான பம்புகள் கடும் பழுதுற்றிருந்தன என்பதையும், சிறிய மாற்றுப் பம்புகளே அந்நிலையத்தை நடத்திவந்தன என்பதையும், ஜூலை இறுதி முதலே நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி எச்சரிக்கை நிலவியது என்பதையும் சேர்த்து நோக்கினால், ஆறு செய்தது கடைசிக் காரியம் மாத்திரமே என்பது விளங்கும்.

அந்நகரின் இரண்டு நிலையங்களில் ஃபியூவெல் 1914-ஆம் ஆண்டினது. அன்று வீழ்ந்த கர்டிஸோ 1990-களில் எழுந்தது. ஆகவே வயதை மட்டும் குற்றம் சாட்டுவது பொருந்தாது. மாற்று யந்திரம் என்பது, பிரதான யந்திரத்தைச் சீர்செய்யவோ புதிதாக வாங்கவோ நிர்வாகத்துக்குக் கிடைக்கும் அவகாசம். அந்த அவகாசத்தையே நிரந்தர ஏற்பாடாகக் கொள்வதுதான் பெரும் பிழை என்பது என் அபிப்பிராயம். குழாயில் நீர் வந்துகொண்டிருக்கும்வரை, மாற்று யந்திரமாகிய கையிருப்பு தீர்ந்துவிட்டதை ஜனங்கள் அறிய வழியே இல்லை.

பம்பு ஒரே நாளில் சாவதில்லை. அதனுள் சுழன்று நீரை உந்தும் இம்பெல்லர் தேய்ந்து, சுற்றியுள்ள வளையத்துக்கும் அதற்கும் இடையே இடுக்கு அகன்றுவிட்டால், உந்திய நீரில் ஒரு பங்கு வெளியே போகாமல் உள்ளேயே திரும்பிச் சுழல்கிறது. மின்சாரம் செலவாகிறது, நீர் குறைகிறது. அந்த நஷ்டம் மின்கட்டணத்தில் கலந்து ஆண்டுதோறும் கேள்வியின்றிச் செலுத்தப்பட, புதிய பம்பின் விலையோ மூலதனச் செலவு என்ற வேறொரு தலைப்பில் பெருந்தொகையாக நின்று, பட்ஜெட் கூட்டத்தில் முதலில் வெட்டப்படுகிறது. இதனினும் கொடியது வால்வு. பம்பைக் கழற்ற அதன் இருபுறத்து வால்வுகளையும் மூடியாக வேண்டும். நெடுங்காலம் திருகப்படாமல் துருவேறிய வால்வு அசைய மறுத்தால், ஒரு பம்பை மாற்றுவதற்கு நிலையத்தில் ஒரு பகுதியையே நிறுத்த நேர்கிறது. அதற்கு அஞ்சி வேலை மீண்டும் ஒத்திவைக்கப்படுகிறது.

ஜாக்சன் நகரத்தார் அறியாமையால் இப்படி ஒத்திவைத்தார்கள் என்று சொல்வது அநியாயம். பள்ளிகளில் நிறபேதம் ஒழிக்கப்பட்டபின் வெள்ளையர் பெருமளவில் புறநகர்களுக்குக் குடிபெயர, 1980-இல் சுமார் இரண்டு லட்சமாயிருந்த ஜனத்தொகை ஒன்றரை லட்சமாகச் சுருங்கியது. வரி கொடுப்போர் குறைந்தார்கள். குழாய்களின் நீளம் குறையவில்லை. 2020 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் நகரின் குடிநீர் குறித்து அவசர உத்தரவு பிறப்பித்தது. 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் யந்திரங்கள் உறைந்து பல வீடுகளுக்கு வாரக்கணக்கில் நீரில்லை. நிலையங்களை இயக்கத் தகுதி பெற்ற பணியாளர்களும் போதிய அளவில் இல்லை. இத்தனை முன்னறிவிப்புக்குப் பின்னும் உதவி தாமதித்ததற்கு, பெரும்பாலும் கறுப்பினத்தார் வாழும், ஏழ்மை மிகுந்த ஊர் என்பதும் ஒரு காரணம் என்பதே என் துணிபு.

நிலையம் வீழ்ந்த பிறகுதான், 2022 நவம்பரில் மத்திய நீதிமன்றம் டெட் ஹெனிஃபின் என்பாரை நகரின் நீர் அமைப்புக்கு நிர்வாகியாக நியமித்தது. டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஏறத்தாழ 60 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் ஒரு சிறு பங்கு முன்னரே ஆண்டுதோறும் கிடைத்திருந்தால், வால்வுகளை முதலிலும் பம்புகளை ஒவ்வொன்றாக அடுத்தும், நகரத்தின் நீரை நிறுத்தாமலே மாற்றியிருக்கலாம். எந்த நகரசபையானாலும், எந்தப் பிரதான பம்பு எத்தனை நாளாக ஓடவில்லை, அதன் இடத்தில் எது ஓடுகிறது என்ற விவரத்தை மாதந்தோறும் மன்றத்தின் முன் வைக்கக் கடமைப்பட வேண்டும். அந்த நாட்கள் ஒரு வரம்பைக் கடந்தால், வேறெந்தச் செலவுக்கும் முன்பாக அந்தப் பம்புக்கான பணம் தானாகவே விடுவிக்கப்பட வேண்டும்.